எஃப்ஏஏசேஃப்டி.கவ் தளம்: விமானப் பயிற்றுநருக்கும் மெக்கானிக்குக்கும் எதுவரை கைகொடுக்கும்?

அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ தரும் பயிற்றுநர் சான்றிதழும் மெக்கானிக் சான்றிதழும் ஒருமுறை வாங்கினால் வாங்கியதுதான். ஆனால் அதைக் கொண்டு வேலை செய்யும் உரிமை அப்படியல்ல. அது குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதிதாகச் சம்பாதிக்க வேண்டியது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் எஃப்ஏஏசேஃப்டி.கவ் என்ற தளம் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது பிடிபடும். எஃப்ஏஏவின் பாதுகாப்புக் குழுவான ஃபாஸ்டீம் நடத்தும் தளம் இது. கணக்கு தொடங்கக் கட்டணம் இல்லை, ஃபாஸ்டீம் தரும் பாடங்களுக்கும் கட்டணம் இல்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஐஏ எனப்படும் சோதனை அதிகாரம் வைத்திருக்கும் மெக்கானிக்குக்கு இது மிக நல்ல சேவை. மாணவர்கள் தொடர்ந்து வரும் பயிற்றுநருக்கும் அப்படியே. எப்போதாவது ஒருவருக்குக் கற்றுத்தரும் பயிற்றுநருக்கு இது மட்டும் போதாது. ஐஏ இல்லாமல், ஏ அண்ட் பி எனப்படும் மெக்கானிக் சான்றிதழ் மட்டும் உள்ளவருக்கு அறிவு வளரும், ஆனால் சட்டப்படி இங்கே பாடம் முடித்துக் கிடைக்கும் எந்த வரவும் (கிரெடிட்) அவருடைய உரிமையைக் காப்பாற்றாது. பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இந்தக் கடைசி விஷயத்தைத்தான்.

பயிற்றுநர் பக்கம்

2024 டிசம்பர் 1 முதல் பயிற்றுநர் சான்றிதழுக்குக் காலாவதித் தேதி கிடையாது. அதற்கு முன் 24 மாதத்துக்கு ஒருமுறை சான்றிதழையே புதுப்பிக்க வேண்டியிருந்தது. இப்போது அதன் இடத்தில் 'அண்மை அனுபவம்' என்ற நிபந்தனை வந்திருக்கிறது. சான்றிதழ் இருக்கும், ஆனால் கடந்த 24 காலண்டர் மாதங்களுக்குள் விதி 61.197 சொல்லும் வழிகளில் ஒன்றை முடித்திருந்தால்தான் கற்றுத்தரலாம். பழைய அட்டையில் அச்சிட்ட தேதியைப் பார்த்து, 'காலாவதி என்பதே போய்விட்டதே, இனி கவலை இல்லை' என்று இருந்துவிடக் கூடாது. அந்தத் தேதிதான் இப்போது அண்மை அனுபவம் முடியும் நாள். புதிதாகத் தரும் அட்டைகளில் தேதியே இருக்காது என்பதால், எஃப்ஏஏவின் விமானப் பணியாளர் பதிவேட்டில் உங்கள் பெயரைத் தேடிப் பார்த்துக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. நினைவூட்டல் வரும் என்று நம்பி இருக்காதீர்கள்.

அந்த வழிகளில் பயிற்றுநர்கள் அதிகம் எடுப்பது மூன்று. ஒன்று, 24 மாதத்துக்குள் குறைந்தது 5 பேரைச் செய்முறைத் தேர்வுக்குப் பரிந்துரைத்து, அவர்களில் 80 சதவீதம் பேராவது முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும். 5 பேரில் ஒருவர் தவறினால் பரவாயில்லை. இரண்டு பேர் தவறினால் 60 சதவீதம் ஆகிவிடும், அதைச் சரிக்கட்ட மொத்தம் 10 பேரை அனுப்பி எட்டுப் பேரைத் தேற வைக்க வேண்டும். சிறிய பள்ளியில் பகுதிநேரமாக வேலை பார்ப்பவருக்கு இது எட்டாக்கனி. இரண்டாவது, ஃபிர்க் எனப்படும் பயிற்றுநர் மீள்பயிற்சி வகுப்பு. குறைந்தது 16 மணி நேரம், பெரும்பாலும் இணையத்தில், தனியார் நிறுவனங்களிடம் கட்டணம் கட்டிச் சேர வேண்டும். மூன்றாவது இந்தத் தளத்தின் விங்ஸ் திட்டம். அமெரிக்காவில் பயிற்றுநர் அறையில் நின்று கேட்டால் பெரும்பாலானவர்கள் இரண்டாவது வழியைத்தான் சொல்வார்கள். மூன்றாவதை எடுக்கத் தகுதி இருந்தும் எடுக்காதவர்கள் நிறைய. அவர்களுக்காகவே இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம்.

விங்ஸ் விமானிகளுக்கான தொடர்பயிற்சித் திட்டம். அடிப்படை, மேம்பட்டது, முதுநிலை என மூன்று நிலைகள். ஒரு நிலையில் ஒரு கட்டத்தை முடிக்க 12 மாதத்துக்குள் 3 அறிவு வரவுகளும் 3 பறத்தல் வரவுகளும் வேண்டும். அறிவு வரவுகளைத் தளத்தில் உள்ள பாடங்களிலும் வெபினார்களிலும் பெறலாம். பறத்தல் வரவுக்கு ஒரு பயிற்றுநருடன் பறந்து, அவர் அதைத் தளத்தில் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு வரவுக்கும் ஆயுள் 12 மாதம். ஜனவரியில் எடுத்த பாடம் அடுத்த ஜனவரியில் உதிர்ந்துவிடும். ஐந்து வரவு சேர்த்துவிட்டு ஆறாவதை 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஒத்திப்போட்டால், ஆறாவது வரும் நேரத்தில் முதலாவது போயிருக்கும். அதனால் மூன்று பறத்தலையும் இரண்டு மூன்று மாதத்துக்குள் நெருக்கமாக வைத்துக்கொள்வதே சரி.

பயிற்றுநர் தன் அண்மை அனுபவத்துக்கு இதைப் பயன்படுத்த நிபந்தனைகள் சில உண்டு. அவர் கடந்த 12 மாதத்துக்குள் தானே ஒரு கட்டத்தை முடித்திருக்க வேண்டும். திட்டம் ஏற்கும் 15 பறத்தல் பயிற்சிகளையாவது நடத்தியிருக்க வேண்டும். அந்தப் பதினைந்தில் குறைந்தது 5 வேறு வேறு விமானிகளை மதிப்பிட்டு, ஒவ்வொருவருடைய பதிவேட்டிலும் ஒவ்வொரு பயிற்சிக்கும் உரிய ஒப்பம் போட்டிருக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள்: ஒரு விமானி ஒரு கட்டத்தை முடிக்க 3 பறத்தல், ஐந்து விமானிகள் என்றால் 15. அதாவது ஐந்து பேரை விங்ஸில் ஒரு கட்டம் முழுவதுமாகக் கூட்டிச்சென்றால் உங்கள் எண்ணிக்கை சரியாக நிரம்பிவிடுகிறது. இதற்கு 24 மாதம் அவகாசம். இரண்டு ஆண்டில் ஒருமுறை பறத்தல் மறுஆய்வுக்காக உங்களிடம் வரும் உரிமம் பெற்ற விமானிகளை, 'வெறும் மறுஆய்வாகச் செய்யாமல் விங்ஸ் கட்டமாகவே செய்துகொள்ளுங்கள்' என்று திருப்பிவிட்டாலே போதும். விங்ஸ் கட்டத்தை முடித்தவருக்குத் தனியாக மறுஆய்வு தேவையில்லை என்று விதி 61.56 சொல்கிறது, ஆகவே அவருக்கும் நஷ்டம் இல்லை.

இங்கேதான் ஃபிர்க்கைவிட விங்ஸ் மேல் என்று சொல்ல ஒரு திடமான காரணம் இருக்கிறது. பறத்தல் மறுஆய்வு என்பது குறைந்தது 1 மணி நேரத் தரைப் பயிற்சியும் 1 மணி நேரப் பறத்தலும். ஃபிர்க் முடித்த பயிற்றுநருக்குத் தரைப் பயிற்சி மணி நேரம் மட்டுமே தள்ளுபடி. பறத்தல் மணி நேரம் அப்படியே பாக்கி நிற்கும். 16 மணி நேரம் திரைக்கு முன் உட்கார்ந்து முடித்தவர் 'எல்லாம் ஆச்சு' என்று நினைத்துப் பறக்கப் போனால், பயிற்றுநராக அவருடைய அண்மை அனுபவம் சரி, விமானியாக அவருடைய மறுஆய்வு பாக்கி என்ற நிலைமை வரலாம். விங்ஸ் வழியில் போனவருக்கு இரண்டும் ஒன்றாகவே முடிந்துவிடுகின்றன. அதோடு ஃபிர்க்கில் இறக்கைகள் தரையை விட்டு எழுவதே இல்லை, விங்ஸில் நீங்களும் மூன்று முறை இன்னொரு பயிற்றுநரின் கண்முன் பறந்தாக வேண்டும். கற்றுத்தருபவரின் கையும் யாராவது பார்த்துச் சொன்னால்தான் திருந்தும்.

சரிபார்ப்பு எப்படி நடக்கிறது, எங்கே சிக்குகிறது என்பதைப் பார்ப்போம். பறந்து முடித்த விமானி தன் கணக்கில் நுழைந்து, அந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுத்து, வரவு கேட்டு விண்ணப்பிக்கிறார். பயிற்றுநருக்கு மின்னஞ்சல் போகிறது. அவர் உள்ளே வந்து ஏற்கிறார் அல்லது மறுக்கிறார். பயிற்றுநரே நேரடியாக விமானியின் மின்னஞ்சலைக் கொடுத்து வரவு வழங்கவும் முடியும். இரண்டு வழியிலும் வம்பு ஒன்றுதான்: மின்னஞ்சல் முகவரி. கணக்கில் ஒரு முகவரியும் கையில் வேறு முகவரியும் இருந்தால் வரவு போய்ச்சேராது. வெபினாருக்கும் இதே கதை. பதிவு செய்த முகவரியும் கணக்கிலுள்ள முகவரியும் ஒன்றாக இருக்கட்டும். பயிற்றுநராக இருந்தால் சான்றிதழ் எண்ணையும் உங்கள் கணக்கில் பதிந்துவைக்க வேண்டும். விமானத்தை நிறுத்திச் சங்கிலி கட்டியதும், மாணவர் பக்கத்தில் இருக்கும்போதே கைப்பேசியில் விண்ணப்பிக்கச் சொல்லி அங்கேயே ஏற்றுவிடுவது உத்தமம். 'ராத்திரி பார்த்துக்கலாம் சார்' என்று போனவர் மூன்று வாரம் கழித்துத்தான் நினைத்துக்கொள்வார், அதற்குள் எந்த நாளில் எதைப் பறந்தோம் என்பதே இருவருக்கும் மறந்திருக்கும்.

தளத்தில் ஏற்றால் மட்டும் போதாது. விதி பதிவேட்டில் ஒப்பத்தையும் கேட்கிறது. பயிற்றுநரும் தனிப்பறத்தலுக்கும் தேர்வுகளுக்கும் தான் கொடுத்த ஒப்பங்களின் பதிவை விதி 61.189-இன்படி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பதினைந்து பயிற்சிகளுக்குத் தேதி, விமானியின் பெயர், பயிற்சியின் எண் என்று தனியாக ஒரு தாள் எழுதிக்கொண்டே வாருங்கள். தளம் எல்லாவற்றையும் கணக்கில் வைத்திருக்கும், என்றாலும் விண்ணப்பம் கொடுக்கும் நாளில் இந்தத் தாள் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். வரவு நிரம்பியதும் தானாகவே அண்மை அனுபவம் நீண்டுவிடும் என்று நினைக்க வேண்டாம். எஃப்ஏஏ சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்கும் ஐஏசிஆர்ஏ தளத்தில் 8710-1 படிவம் போட்டு, அதிகாரம் உள்ள ஒருவர் அதை முடித்துவைத்தால்தான் பதிவேட்டில் தேதி நகரும்.

தேதி தவறிவிட்டால் என்ன? ஆகஸ்டில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று மூன்று காலண்டர் மாதத்துக்குள் ஃபிர்க் முடித்து மீட்டுக்கொள்ளலாம். அந்த மூன்று மாதத்தில் கற்றுத்தரக் கூடாது. இது மீட்டுக்கொள்வதற்கான அவகாசம் மட்டுமே, கற்றுத்தருவதற்கான சலுகை அல்ல. டிசம்பர் வந்துவிட்டால் செய்முறைத் தேர்வுதான். ஆகவே மாணவர் குறைவாக உள்ள பயிற்றுநருக்கு எங்கள் யோசனை: தேதிக்கு ஆறு மாதம் இருக்கும்போது விங்ஸ் எண்ணிக்கையைப் பாருங்கள். பத்தைக்கூட எட்டவில்லை என்றால் தயங்காமல் ஃபிர்க்குக்குப் பணம் கட்டிவிடுங்கள். இலவசம் என்பதற்காகக் காத்திருந்து உரிமையை இழப்பதில் அர்த்தம் இல்லை.

புதிதாகப் பயிற்றுநர் ஆக நினைப்பவருக்கு இந்தத் தளம் துணைப்பாடம் மட்டுமே. விதி 61.183 கேட்பவை வேறு: வயது 18, வணிக விமானி அல்லது ஏடிபி எனப்படும் விமான நிறுவன விமானி சான்றிதழ், விமான வகைக்கு உரிய கருவிப் பறத்தல் தகுதி, கற்பித்தல் அடிப்படைகள் குறித்த எழுத்துத் தேர்வு, உரிய வகையில் 15 மணி நேரமாவது தலைமை விமானியாகப் பறந்த கணக்கு, ஸ்பின்னில் (விமானம் சுழன்றபடி கீழே இறங்கும் நிலை) நுழைவதும் மீள்வதும் கற்று வாங்கிய ஒப்பம். இவற்றில் ஒன்றைக்கூட இந்தத் தளம் தராது.

மெக்கானிக் பக்கம்

ஏ அண்ட் பி என்பது ஏர்ஃப்ரேம் (விமானத்தின் உடல்), பவர்பிளான்ட் (என்ஜின்) என்ற இரு தகுதிகள் சேர்ந்தது. அனுபவ வழியில் ஒன்றுக்கு 18 மாதம், இரண்டுக்கும் சேர்த்து 30 மாதம் வேலை காட்ட வேண்டும், இல்லையென்றால் எஃப்ஏஏ விதிகளின் பகுதி 147-இன்படி சான்று பெற்ற பள்ளியில் படித்து முடிக்க வேண்டும். சான்றிதழ் வந்தபின் விதி 65.83 ஒன்றைத்தான் கேட்கிறது: கடந்த 24 மாதத்தில் குறைந்தது 6 மாதம் மெக்கானிக்காக வேலை செய்திருக்க வேண்டும், அல்லது மற்ற மெக்கானிக்குகளை மேற்பார்த்திருக்க வேண்டும், இரண்டும் கலந்தும் இருக்கலாம். வகுப்பு, பாடம், வெபினார் எதுவும் இந்த ஆறு மாதத்தில் சேராது. தளத்தில் ஐம்பது பாடம் முடித்து அச்சிட்ட சான்றுகளைக் கோப்பில் அடுக்கி வைத்திருந்தாலும், ஸ்பேனர் பிடித்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தால் விமானத்தைப் பறக்கத் தகுந்தது என்று கையெழுத்திடும் உரிமை இல்லை. அதேபோல் 65.81: ஒரு வேலையை முன்பு தான் செய்து பார்த்திருந்தாலொழிய, அதை மேற்பார்க்கவோ ஒப்புதல் கொடுக்கவோ கூடாது. என்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் டைமிங் பற்றிப் பாடம் படித்ததும், மேக்னெட்டோவுக்கு டைமிங் வைத்ததும் ஒன்றல்ல.

பில் ஓ'பிரையன் பெயரிலான பராமரிப்புத் தொழில்நுட்பர் விருதுத் திட்டமும் இங்கேதான் இருக்கிறது. பயிற்சி மணி நேரத்தைப் பொறுத்து மெக்கானிக்குக்கும் அவரை வேலைக்கு வைத்திருப்பவருக்கும் பாராட்டு கிடைக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டிக்கொள்ளலாம். உரிமையோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

தளம் உண்மையிலேயே பணத்தை மிச்சப்படுத்துவது ஐஏ வைத்திருப்பவருக்கு. ஆனுவல் எனப்படும் ஆண்டுச் சோதனையில் கையெழுத்திடவும், பெரிய பழுதுநீக்கத்தை ஒப்புக்கொள்ளவும் ஐஏ வேண்டும். இதைப் பெறவே ஏர்ஃப்ரேம், பவர்பிளான்ட் இரண்டும் 3 ஆண்டாவது கையில் இருந்து, கடைசி 2 ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். நிலையான வேலையிடம், கருவிகள், தரவுகள் வேண்டும். எழுத்துத் தேர்வில் தவறினால் 90 நாள் காத்திருக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு வாங்கியதை நழுவவிட்டவர்களில் பலர் தேதிக் கணக்கில்தான் நழுவவிட்டார்கள்.

ஐஏ ஒற்றைப்படை ஆண்டின் மார்ச் 31-இல் முடியும். புதுப்பிப்பு அந்த மார்ச்சில்தான். ஆனால் இரண்டு ஆண்டில் எப்போதாவது ஒருமுறை வேலை காட்டினால் போதும் என்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும், அதாவது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையுள்ள ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்திலும், பின்வருவனவற்றில் ஒன்றை நிறைவேற்ற வேண்டும்: 90 நாளுக்கு ஓர் ஆனுவல் வீதம், ஆண்டுக்கு நான்கு, அல்லது 90 நாளுக்கு இரண்டு பெரிய பழுதுநீக்கமோ மாற்றமோ, அல்லது ஒரு முழுப் படிநிலைச் சோதனை (ஆனுவலுக்குப் பதிலாகப் பகுதி பகுதியாகச் செய்வது), அல்லது குறைந்தது 8 மணி நேர மீள்பயிற்சி, அல்லது எஃப்ஏஏ அதிகாரியிடம் வாய்மொழித் தேர்வு. 'ஒன்றை' என்றுதான் விதி சொல்கிறது. மூன்று ஆனுவலையும் இரண்டு மணி நேர வகுப்பையும் கூட்டி ஒரு முழுமை என்று காட்ட முடியாது. நான்காவது ஆனுவல் வருமா வராதா என்று சந்தேகம் இருந்தால், ஜனவரியிலேயே 8 மணி நேரத்தைத் தொடங்கிவிட வேண்டும்.

அந்த 8 மணி நேரத்தைத்தான் எஃப்ஏஏசேஃப்டி.கவ் தருகிறது. ஒரே நாளில், ஒரே வகுப்பில் முடிக்க வேண்டியதில்லை. ஒரு மணி, இரண்டு மணி என்று துண்டு துண்டாகப் பனிக்காலம் முழுவதும் சேர்த்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: தளத்தில் பட்டியலிட்ட எல்லாப் பாடமும் ஐஏ புதுப்பிப்புக்கு ஏற்கப்பட்டது அல்ல. எஃப்ஏஏ அந்தப் பாடத்தை ஐஏ பயிற்சியாக ஏற்றிருக்க வேண்டும், சான்றில் அந்த ஏற்பு எண் இருக்க வேண்டும். விமானிக்கான விங்ஸ் பாடத்தை எடுத்துவிட்டு ஐஏ கணக்கில் காட்டினால் அதிகாரி திருப்பிவிடுவார். பட்டியலில் தனியார் நிறுவனங்களின் கட்டணப் பாடங்களும் கலந்திருக்கின்றன. தொடங்குமுன் இலவசமா, ஏற்பு உண்டா, எத்தனை மணி நேரம் என்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு பொறி முதல் ஆண்டு. இரட்டைப்படை ஆண்டின் மார்ச் 31-க்குள் அந்த ஆண்டின் நிபந்தனையை முடிக்காவிட்டால், ஐஏ அட்டையில் இன்னும் ஓராண்டு மிச்சம் இருந்தாலும் ஏப்ரல் 1 முதல் ஆனுவலில் கையெழுத்திட முடியாது. திரும்பப் பெற வாய்மொழித் தேர்வு. முதல் ஆண்டில் 16 மணி நேரம் படித்தாலும் எட்டு மணி நேரம் இரண்டாம் ஆண்டுக்குத் தாவாது. இதை அறியாமல் போட்ட கையெழுத்து விமானத்தின் பதிவேட்டில் நிற்கும், உரிமையாளர் அதே ஆனுவலுக்கு இன்னொருவரிடம் மறுபடி பணம் கொடுக்க நேரும்.

பாடங்களின் தரம் ஒரே சீராக இல்லை. கார்டன் டுப்பான்ட் 1993-இல் கனடாவில் தொகுத்த, பராமரிப்பில் தவறு நிகழக் காரணமான பன்னிரண்டு அம்சங்களை ஒட்டிய மனிதக் காரணிப் பாடங்கள் நன்றாக இருக்கின்றன. தகவல் பரிமாற்றக் குறைவு, களைப்பு, அழுத்தம் போன்றவை ஷிஃப்ட் மாறும்போது எப்படி ஒரு கழற்றிய போல்ட்டாக மிஞ்சுகின்றன என்பதைப் புரியவைக்கின்றன. வேறு சில, விதியின் வாசகத்தை அப்படியே திரையில் ஒட்டி, கடைசியில் கேள்வி கேட்பவை. அவற்றில் மணி நேரம் கிடைக்கும், விஷயம் குறைவு. எட்டில் நான்கையாவது உங்கள் கையில் வரும் விமான வகை, என்ஜின், உலோகத் தகடு வேலை சார்ந்ததாகத் தேர்ந்தெடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

சென்னையிலோ கொழும்பிலோ துபாயிலோ இருந்துகொண்டு எஃப்ஏஏ சான்றிதழ் வைத்திருப்பவர்களும் கணக்கு தொடங்கிப் பாடம் படிக்கலாம். இந்த வரவுகள் எஃப்ஏஏ சான்றிதழுக்கு மட்டும்தான், இந்தியாவின் டிஜிசிஏ உரிமத்தை உயிர்ப்போடு வைத்திருக்க அவை செல்லாது. அமெரிக்க ட்ரோன் சான்றிதழ் உள்ளவர்கள் 24 மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய மீள்பயிற்சியும் இதே தளத்தில் இலவசம். 2021 முதல் அதற்காகத் தேர்வு மையத்துக்குப் போக வேண்டியதில்லை.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று சரியாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் வசிப்பிட முகவரி இல்லாமல் வெளிநாட்டு முகவரி மட்டும் கொடுத்திருப்பவர்கள், எஃப்ஏஏவின் கடிதங்களைத் தங்கள் சார்பில் வாங்கிக்கொள்ள அமெரிக்காவில் ஒரு முகவரை நியமிக்க வேண்டும் என்ற விதி 2025-இல் நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே சான்றிதழ் உள்ளவர்களுக்கு ஜூலை 7, 2025 கெடு. நியமிக்காதவர் சான்றிதழின் உரிமையைப் பயன்படுத்த முடியாது, வரவு எத்தனை இருந்தாலும் சரி. நியமனத்தை யுஎஸ்ஏஎஸ் என்ற தனித் தளத்தில் பதிய வேண்டும், எஃப்ஏஏசேஃப்டி.கவ் கணக்கில் அல்ல. முகவர் தெரிந்த உறவினராகவும் இருக்கலாம், நிறுவனமாகவும் இருக்கலாம். முகவரி உண்மையான இடமாக இருக்க வேண்டும், தபால் பெட்டி எண் செல்லாது.